ரைனை நேராக்கிய டுல்லா

கார்ல்ஸ்ரூஹேக்கு வேலைக்கோ படிக்கவோ வந்த தமிழர்கள் டுல்லா என்ற பெயரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. டிராமில் ஏறினால் டுல்லா தெரு என்று ஒரு நிறுத்தம் வரும். கே.ஐ.டி.யில் அவர் பெயரில் ஒரு பெரிய வகுப்பரங்கம் இருக்கிறது. ராஸ்டாட் ஊரில் ஜிம்னாசியத்துக்கே அவர் பெயர்தான். யாரு இவரு என்று கேட்டால், ரைன் நதியை நேராக்கினவர் என்று ஒரு வரியில் பதில் கிடைக்கும். நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள், பதில் ஆளுக்கு ஆள் மாறும். ரைன் ஓரத்து கிராமத்தில் பரம்பரையாக இருக்கிறவர் ஒன்று சொல்வார், தூண்டில்காரர் சங்கத்து ஆள் வேறொன்று சொல்வார்.

நான் படித்தது சிவில், பிழைப்பு ஜாவாவில். நம்ம ஊர்க் கல்லூரியில் கல்லணையையும் ஆர்தர் காட்டனையும் சொல்லிக்கொடுத்தார்கள், டுல்லா பாடத்தில் வரவில்லை. இங்கே குடிவந்த பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு ரைனுக்கு மீனும் பறவையும் காடும் திரும்பி வரவேண்டும் என்று அரசாங்கங்கள் கோடிக்கணக்கில் யூரோ செலவழிக்கின்றன. அந்தச் செலவுக் கணக்கின் முதல் பக்கத்தில் இருப்பவர் இவர். நம் வரிப்பணமும் அதில் போகிறது என்பதால், ஆளைத் தெரிந்துகொள்வது தப்பில்லை.

யோஹான் கோட்ஃப்ரீட் டுல்லா 1770 மார்ச் 20 அன்று கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்தார். அப்பா புராட்டஸ்டண்ட் பாதிரியார். பையனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பதுதான் வீட்டு ஏற்பாடு. ஆனால் பையனுக்குக் கணக்கில்தான் மூளை ஓடியது. பாடன் நாட்டை அப்போது ஆண்ட கார்ல் ஃப்ரீட்ரிஹ் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் படிக்கவைக்கிற மனிதர். அவர் உதவியில் டுல்லா லாங்ஸ்டோர்ஃப் என்ற கணித ஆசிரியரிடம் படித்தார், ஹாலந்து போய் அங்கே கரையையும் கால்வாயையும் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்தார், சாக்சனியில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியிலும் இருந்தார். 1797-இல் அரசாங்கப் பொறியாளர் வேலை கிடைத்தது. 1801-இல் பாரிஸ் போனார். ஐரோப்பாவில் அன்றைக்குப் பொறியியல் படிப்புக்குப் பாரிஸை மிஞ்சிய ஊர் கிடையாது. திரும்பி வந்தபோது அவரிடம் பிரெஞ்சு மொழியும் இருந்தது, பாரிஸ் மாதிரி ஒரு கல்லூரி நம் ஊரிலும் வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

அந்த எண்ணத்தில் 1807-இல் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பொறியாளர் பள்ளியைத் தொடங்கினார். 1825-இல் வந்த பாலிடெக்னிக்கில் அது சேர்ந்தது. அந்த பாலிடெக்னிக்தான் வளர்ந்து இன்றைய கே.ஐ.டி. ஆனது. ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் வானொலி அலைகளைச் சோதித்துக் காட்டியது இங்கே. ஜெர்மனிக்கு முதல் இணைய மின்னஞ்சல் 1984 ஆகஸ்டில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். நாமெல்லாம் இந்த ஊரில் சோறு சாப்பிடுவதற்கு டுல்லாவும் ஒரு தூரத்துக் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

அவர் காலத்து ரைனை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். இன்றைக்கு மாக்ஸாவ் பாலத்தில் ரயிலில் போகும்போது கீழே தெரிகிற, அளவெடுத்து வெட்டின மாதிரியான ஆறு அப்போது இல்லை. பாசலில் இருந்து ராஸ்டாட் பக்கம் வரைக்கும் அது நூறு கிளையாகப் பிரிந்து, தீவும் மணல்திட்டும் சதுப்பும் காடுமாக, சில இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. அதற்கு வடக்கே கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து மைன்ஸ் வரைக்கும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்கும் இடம் மாறியது. நேற்று இடது கரையில் இருந்த நிலம் இன்று வலது கரையில் இருக்கும். ரைன்தான் பிரான்சுக்கும் பாடனுக்கும் எல்லை என்று நெப்போலியன் காலத்தில் ஆன பிறகு இது பெரிய தலைவலி. ஆறு நகர்ந்தால் எல்லையும் நகரும், யார் நிலம் யாருக்கு என்று வழக்கு முடியவே முடியாது.

எல்லைத் தகராறு அரசாங்கத்தின் கவலை. ஜனங்களுக்கு உயிர்க் கவலை. வெள்ளம் ஊரைக் கரைத்துக்கொண்டு போனது. டெட்டன்ஹைம் என்ற கிராமத்து மக்கள் வெள்ளத்தோடு போராடிச் சலித்து, 1813-இல் ஊரையே காலி செய்துவிட்டு ப்ரூக்ஸால் பக்கம் போய்க் குடியேறினார்கள். இன்று கார்ல்ஸ்டோர்ஃப் என்று இருக்கும் ஊர் அப்படி வந்ததுதான். வெள்ளம் வடிந்தால் காய்ச்சல். மலேரியா ஏதோ வெப்பநாட்டு வியாதி என்று இங்குள்ள நண்பர்கள் நினைக்கிறார்கள். ரைன் சமவெளியில் அது வருஷா வருஷம் வந்த வியாதி. ஸ்ட்ராஸ்பர்க்கில் படித்த நாளில் ரைன் ஓரத்துக் கொசு தன்னை என்ன பாடு படுத்தியது என்று கோதே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். கவிஞருக்கு அது வெறும் எரிச்சல், ஆற்றோரக் குடியானவருக்குப் பிள்ளை சாகிற விஷயம்.

இதற்கு முன்னாலும் கரை கட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளக் கட்டியது. தண்ணீர் எதிர்க்கரை ஊரைத் தின்றது. அவர்கள் பதிலுக்குக் கட்டினார்கள். டுல்லா இந்த இடத்தில்தான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். ஆற்றை ஊர் ஊராகப் பார்க்கக் கூடாது, முழு நீளத்துக்கும் ஒரே திட்டம் வேண்டும் என்றார். ஓர் ஆற்றுக்கு ஒரு படுகை போதும், அந்தப் படுகை கூடியவரை நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் தண்ணீர் வேகமாக ஓடித் தானே தன் வழியை ஆழமாக்கிக்கொள்ளும், சுற்றியுள்ள சதுப்பு காய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. 1807 வாக்கில் சுவிட்சர்லாந்தில் லிந்த் நதியைச் சீராக்குகிற வேலையில் எஷருக்கு ஆலோசகராகப் போனபோது அந்தக் கணக்கு நடைமுறையில் ஓடுவதைப் பார்த்தார். அங்கேயும் சதுப்பு, அங்கேயும் மலேரியா. 1812-இல் ரைனுக்கான தன் கொள்கையை எழுத்தில் வைத்தார்.

திட்டம் கேட்க அழகாகத்தான் இருந்தது. தொடங்கியபோதுதான் பிரச்னை வெடித்தது. 1817-இல் பாடனும் எதிர்க்கரையை அப்போது வைத்திருந்த பவேரியாவும் ஒப்பந்தம் போட்டன. முதல் வெட்டு க்னீலிங்கன் பக்கம். இன்று அது கார்ல்ஸ்ரூஹேயின் ஒரு பகுதி, பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற இடம். அன்றைய க்னீலிங்கன் விவசாயிகள் இந்த வேலையைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆறு இடம் மாறினால் தங்கள் மேய்ச்சல் நிலமும் மரமும் மீன்பிடி இடமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும் என்று பயந்தார்கள். பயம் நியாயமானதுதான். வேலைக்கு வந்தவர்களை விரட்டினார்கள். அரசாங்கம் சிப்பாய்களை அனுப்பி, துப்பாக்கி நிழலில் மண் வெட்ட வைத்தது.

வேலை செய்த முறையில் டுல்லாவின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. புது ஆற்றை முழு அகலத்துக்கு வெட்டவில்லை. வளைவின் கழுத்தில், சுமார் 10 முதல் 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு கால்வாய் மட்டும் மண்வெட்டியால் வெட்டித் திறந்துவிட்டார்கள். மீதி வேலையை ஆறே செய்தது. குறுக்கு வழி கிடைத்த தண்ணீர் வேகம் எடுத்து இரண்டு பக்கத்தையும் அரித்து, சில வருஷங்களில் 200, 250 மீட்டர் அகலத்துக்குத் தானே படுகையைச் செய்துகொண்டது. நினைத்த அகலம் வந்ததும் மரக்கிளைக் கட்டுகளையும் கல்லையும் போட்டுக் கரையை நிறுத்தினார்கள். டீசல் இயந்திரம் இல்லாத காலத்தில் இதைவிடச் சிக்கனமாக யோசிக்க முடியாது. ஆற்றை அடக்கினவர் என்று நினைவுச் சின்னத்தில் புகழ்கிறார்கள், ஆனால் ஆற்றின் பலத்தையே கூலி இல்லாத வேலையாளாக வைத்துக்கொண்டவர் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

1824-இல் பெரும் வெள்ளம் வந்தது. வெட்டு விழுந்த பகுதிகள் தப்பித்தன என்று டுல்லா தரப்பு சொன்னது. கீழே இருந்த பிரஷ்யாவும் நெதர்லாந்தும் வேறு மாதிரி பார்த்தன. மேலே தண்ணீரை வேகமாக விரட்டினால் அது எங்கள் தலையில்தானே விழும் என்பது அவர்கள் கேள்வி. இந்த வாக்குவாதம் நமக்குப் புதுசா என்ன? கொஞ்ச காலம் வேலை தடைபட்டது. வெட்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

டுல்லா முடிவைப் பார்க்கவில்லை. கர்னல் பதவி, நீர் மற்றும் சாலைத் துறைத் தலைமை என்று எல்லாம் இருந்தும் உடம்பு விட்டுவிட்டது. மூத்திரப்பைக் கல்லுக்கு அன்று பாரிஸில் ஒரு புது வைத்திய முறை வந்திருந்தது. அதைத் தேடிப் போனவர் 1828 மார்ச் 27 அன்று அங்கேயே இறந்தார். வயது 58. மோன்மார்த் இடுகாட்டில் அடக்கம். ரைன் வேலை அவருக்குப் பிறகும் அரை நூற்றாண்டு நடந்து 1876 வாக்கில் முடிந்தது. பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையில் 354 கிலோமீட்டராக இருந்த ஆறு 273 கிலோமீட்டராகச் சுருங்கியது. ஏறக்குறைய 2,200 தீவுகள் காணாமல் போயின. அவர் இதையெல்லாம் கப்பல் போக்குவரத்துக்காகச் செய்தார் என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. பெரிய கப்பல் கார்ல்ஸ்ரூஹேயைத் தாண்டிப் போகிற அளவுக்கு ஆறு ஆனது இருபதாம் நூற்றாண்டில், வேறு பொறியாளர்கள் கையால். டுல்லாவுக்கு வேண்டியிருந்தது வெள்ளப் பாதுகாப்பும் விளைநிலமும் ஒரே இடத்தில் நிற்கிற எல்லையும்.

மூன்றும் கிடைத்தன. மலேரியாவும் போனது. அதன் முழுப் பெருமையும் ஆற்று வேலைக்குச் சேராது, வீடும் மருந்தும் மாறியதற்கும் பங்கு உண்டு. ஆனாலும் சதுப்பு வற்றியது பெரிய காரணம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைப் புதுசாகக் கட்டிக்கொண்டிருந்த ஜனங்களிடம் போய் சதுப்பின் அழகைப் பேசியிருக்க முடியாது. சூழலியல் புத்தகங்கள் சில டுல்லாவை வில்லனாக்கி எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் இழப்பு நிஜம். மீனுக்கு வெள்ளம் என்பது ஆபத்து இல்லை, அது இனப்பெருக்க காலம். நம்ம ஊரில் புதுத்தண்ணி வந்ததும் கெண்டையும் விராலும் வாய்க்கால் ஏறி வயலுக்குள் வரும், பார்த்திருப்பீர்கள். ரைனிலும் அதே கதைதான். பைக் மீன் வசந்தகால வெள்ளத்தில் மூழ்கின புல்வெளியில்தான் முட்டை இடும். ஆறு ஒரே படுகைக்குள் போனதும் புல்வெளி வேறு, ஆறு வேறு என்றாகிவிட்டது. பழைய வளைவுகள் துண்டிக்கப்பட்டு மெல்லத் தூர்ந்தன. ரைன் மணலை அலசித் தங்கம் எடுத்துப் பிழைத்த கூட்டம் ஒன்று இருந்தது. பாடன் அரசு அந்தத் தங்கத்தில் காசு கூட அடித்தது. ஆறு புது மணலைக் கொண்டுவந்து போடுவது நின்றதும் அந்தத் தொழிலும் போனது. வேகமெடுத்த தண்ணீர் படுகையை டுல்லா எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தோண்டியது. தெற்கில் சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, கூடவே நிலத்தடி நீரும் இறங்கி, ஆற்றோரக் காடு காய்ந்தது.

இதற்கு மேல் வந்ததற்கு டுல்லா பொறுப்பில்லை. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் பிரான்சுக்கு ரைன் நீரில் மின்சாரம் எடுக்கும் உரிமை கிடைத்தது. 1932-இல் கெம்ஸ் தொடங்கி 1977-இல் இஃபெட்ஸ்ஹைம் வரை வரிசையாகப் பத்துத் தடுப்புகள் எழுந்தன. இன்னொரு பக்கம் தொழிற்சாலைக் கழிவு. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய சால்மன் ஆறாக இருந்த ரைனில் 1950-களில் சால்மன் அற்றுப்போனது. 1986 நவம்பர் 1 அன்று பாசல் பக்கத்தில் சாண்டோஸ் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்து ஆற்றில் கலந்தது. ஆறு சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் லட்சக் கணக்கில் செத்து மிதந்தன. அந்த அதிர்ச்சிதான் ரைன் நாடுகளை உட்காரவைத்துப் பேச வைத்தது. 1987-இல் ரைன் செயல்திட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் திரும்ப வேண்டும் என்பதை இலக்காக வைத்தார்கள். ஆற்றின் நலத்துக்கு மீனை அளவுகோலாக வைத்தது நல்ல யோசனை. ஆய்வகத்தில் எண்ணைத் திருத்தலாம், சால்மனை வரச்சொல்லி ஏமாற்ற முடியாது.

மேல் ரைனில் இப்போது நடப்பது டுல்லாவின் வேலையைத் திருப்பி அழிப்பது இல்லை. அது முடியவும் முடியாது, பழைய படுகையில் ஊர்கள் இருக்கின்றன. பாடன்-வூர்ட்டெம்பெர்க் அரசு 1996-இல் ஏற்ற ரைன் திட்டத்தில் 13 இடங்களில் கரையைத் திறந்தோ பின்னால் தள்ளியோ, சுமார் 16 கோடியே 70 லட்சம் கன மீட்டர் வெள்ளத்தைப் பழைய சமவெளியிலேயே நிறுத்திவைக்கப் போகிறார்கள். முதலில் இது கீழே இருக்கிற ஊர்களுக்கான வெள்ளப் பாதுகாப்பு. கூடவே காட்டுக்கும் மீனுக்கும் வாழ்வு. பெரிய வெள்ளத்துக்கு மட்டும் மதகைத் திறந்தால், தண்ணீர் பழக்கமில்லாத மரமும் மானும் முயலும் செத்துப்போகும். அதனால் வருஷத்தில் பலமுறை சின்னச் சின்ன வெள்ளத்தை உள்ளே விட்டுக் காட்டைப் பழக்குகிறார்கள். நம்ம ஆபீஸில் டேட்டா சென்டர் விழுந்தால் என்ன செய்வது என்று சனிக்கிழமை ராத்திரி ஒத்திகை பார்க்கிறோமே, அதே தத்துவம்.

இந்தச் சின்ன வெள்ளத்தை எதிர்த்து ரைன் ஓரத்து ஊர்களில் குடிமக்கள் குழுக்கள் போராடுகின்றன. கொசு வரும், வீட்டு அடித்தளத்தில் தண்ணீர் ஊறும், நடக்கிற பாதை மூழ்கும் என்கிறார்கள். கார்ல்ஸ்ரூஹேயை ஒட்டி ராப்பன்வொர்ட் பகுதியில் வரவேண்டிய வெள்ளத் தேக்கமும் வருஷக் கணக்கில் இந்தச் சண்டையில் இழுபட்டது. அது க்னீலிங்கனில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். 1817-இல் ஆற்றை நேராக்காதே என்று மறித்தார்கள், இன்று ஆற்றை உள்ளே விடாதே என்று மறிக்கிறார்கள். இரண்டு தடவையும் ஜனங்கள் பேசியது தங்கள் வீட்டையும் நிலத்தையும் பற்றி. இம்முறை சிப்பாய் வரவில்லை, விசாரணையும் நீதிமன்றமும் வருகின்றன, அதனால் தாமதமாகிறது. அந்தத் தாமதம் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் கொசுவைச் சாக்காகச் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. 1976-இலிருந்து ரைன் ஓர ஊராட்சிகள் சேர்ந்து கொசுப் புழுவை மட்டும் கொல்கிற பாக்டீரியா மருந்து, ஹெலிகாப்டர் என்று அமைப்பாகவே வேலை செய்கின்றன.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது. பள்ளிக்கரணை சதுப்பைத் துண்டு துண்டாகத் தின்றுதான் நம்ம ஐ.டி. சாலை வளர்ந்தது. மிச்சம் இருப்பதற்கு 2022-இல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. டுல்லாவுக்காவது மலேரியாவும் வெள்ளமும் காரணமாக இருந்தன, பள்ளிக்கரணையில் குப்பை கொட்டியதற்கு என்ன காரணம் சொல்ல? யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் இது தெரிந்த வாதம்தான். பொறியாளர் ஆறுமுகம் 1954-இல் போட்ட திட்டப்படி கடல்நீரேரிகளை நன்னீர் ஆக்கினால் கிணறு இனிக்கும், இறால் பிடிக்கிறவர் என்ன செய்வார் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

கடைசியாக ஒரு மீன். ஜெர்மன்காரர்கள் இதை மே மீன் என்பார்கள். கடலில் வளர்ந்து, மே மாதத்தில் முட்டையிட ரைன் ஏறி வரும். நம்ம உல்லம் மீனுக்கு, அதாவது வங்காளி நண்பர்கள் உயிரை விடுகிற ஹில்சாவுக்கு, நெருங்கின சொந்தம். உல்லம் ஒரு காலத்தில் காவிரியில் ஏறியது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு அதன் பாதை போனது. மே மீனும் இருபதாம் நூற்றாண்டில் ரைனில் அற்றுப்போனது. 2008-இலிருந்து பிரான்சின் கரோன், தோர்தோன் ஆறுகளில் இருந்து குஞ்சு கொண்டுவந்து ரைனில் லட்சக் கணக்கில் விட்டார்கள். சில வருஷத்தில் பெரிய மீன்கள் கடலில் இருந்து திரும்பி வந்து இஃபெட்ஸ்ஹைம் மீன் படிக்கட்டில் ஏறின. அந்தப் படிக்கட்டு 2000-இல் திறந்தது, அடுத்து இருக்கிற காம்ப்ஸ்ஹைம் 2006-இல், ஸ்ட்ராஸ்பர்க்கும் கெர்ஸ்ட்ஹைமும் பிறகு. அதற்கு மேலே ரினாவ், மார்கோல்சைம், ஃபோகல்க்ரூன் என்று பாசல் வரைக்கும் இன்னும் வேலை கிடக்கிறது.

இஃபெட்ஸ்ஹைம் தடுப்புக்குக் கீழே இன்னொன்றும் நடக்கிறது. மேலே இருந்து சரளை வருவது அணைகளால் நின்றுவிட்டதால், ஆறு படுகையைத் தோண்டிக்கொண்டே போகும். அதைத் தடுக்க 1978-இலிருந்து வருஷா வருஷம் படகில் லட்சம் கன மீட்டருக்கும் மேல் சரளையும் மணலும் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள். ஆறு அதைத் தின்றுவிட்டுப் போகிறது, அடுத்த வருஷம் மறுபடியும் கொட்டுகிறார்கள்.

பார்க்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காம்ப்ஸ்ஹைம் போகலாம். கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரைனின் 309-ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் அந்தப் பார்வையாளர் மையத்துக்கு அந்த எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன் ஏறிப் போவது தெரியும். மே, ஜூன் நல்ல சமயம். போகும் முன் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.